உரையும் நூற்பாவும்
திருமணச் சமத்துவம் குறித்து யூதர் மரபும் தமிழர் வழியும்

திருமணத்தின் வரலாற்றைத் தமிழில் எழுதப் புகுவோர்க்குத் தொல்காப்பியக் கற்பியலே முதற்சான்று. மக்களிடைப் பொய்யும் பிழையும் தலைகாட்டிய பின்னரே பெரியோர் மணச்சடங்கை வகுத்தனர் என்பது அவ்வியல் தரும் செய்தி. மேலோர்க்கென்று அமைந்திருந்த சடங்கு மற்றையோர்க்கும் உரியதாக விரிந்த காலம் ஒன்று உண்டு என்பதும் அங்கேயே சொல்லப்படுகின்றது. பெண்ணைக் கொடுப்பதற்குரியோர் இல்லாதவிடத்தும் மணம் நிகழ்தல் உண்டு என்று ஆசிரியர் உடன்படுகின்றார். இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மணம் என்பது காலந்தோறும் மனிதர் வகுத்துக்கொண்ட முறை. அதன் எல்லை விரிந்திருக்கின்றது, இனியும் விரியக்கூடும்.

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணம் புரிந்து வாழ விரும்பினால் அதனைச் சமயமும் சட்டமும் ஏற்குமா என்னும் வினா நம் காலத்தில் உலகெங்கும் எழுந்துள்ளது. திருநங்கையர், திருநம்பியர் ஆகியோரின் மணவுரிமையும் இதனோடு இணைந்து வருகின்றது. இவ்வினாவை நெடுங்காலமாக, தம் மறைநூலைக் கைவிடாமலே விவாதித்து வந்தோருள் யூதர் குறிப்பிடத்தக்கவர். அவர்கள் நமக்கு அயலாரல்லர். பாஸ்கர ரவிவர்மன் என்னும் சேர மன்னன் யூத வணிகத் தலைவன் யோசேப்பு ரப்பானுக்கு அளித்த செப்பேடு வட்டெழுத்தில் அமைந்து கொச்சியில் போற்றப்பட்டு வருகின்றது. எபிரேய மறையில் மயிலைக் குறிக்கும் 'துகி' என்னும் சொல்லைத் தமிழ்த் 'தோகை'யோடு கால்டுவெல் ஒப்பிட்டுக் காட்டியமையையும் நாம் அறிவோம். யூதர் இவ்வினாவை எதிர்கொண்ட முறையையும் தமிழகம் எதிர்கொண்டு வரும் முறையையும் ஒப்புநோக்கி, நாம் இன்று நிற்கும் இடம் எது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கணம் தந்த இடம்

ஆண், பெண் என்னும் இரண்டில் அடங்காத மாந்தர் உளர் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். தொல்காப்பியக் கிளவியாக்கம் ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயரை உயர்திணையில் வைக்கின்றது. அப்பெயர்க்கெனத் தனி ஈறு இல்லை என்றும், உயர்திணைக்குரிய ஈறுகளையே அது கொள்ளும் என்றும் விதிக்கின்றது. அந்நூற்பாவில் அப்பெயரோடு உடன் வைத்து எண்ணப்படுவது தெய்வத்தைச் சுட்டும் பெயர் என்பது கருதத்தக்கது.

பவணந்தியார் மேலும் ஒருபடி செல்கின்றார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலாகவும் கொள்ளுமாறு நன்னூல் கூறுகின்றது. பிறப்பை நோக்காமல் விருப்பத்தை நோக்கிப் பால் வகுக்கும் இவ்விதி வியப்பிற்குரியது. ஒருவர் தம் பால் இன்னதெனத் தாமே உரைக்கும் உரிமையுடையர் என்று இந்திய உச்சநீதிமன்றம் 2014 ஏப்ரல் 15ஆம் நாள் தீர்ப்பளித்தது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அக்கருத்தின் வித்து நம் இலக்கணத்தில் கிடந்தது. ஆயினும் அதே நூற்பாவின் இறுதியில் இவ்விரு திறத்தாரையும் அஃறிணையாகச் சொல்லவும் இடம் தரப்படுகின்றது. மதிப்பும் மறுப்பும் ஒரே நூற்பாவில் உடனுறைகின்றன. பின்வந்த சமுதாயம் மறுப்பையே பெரிதும் கைக்கொண்டது.

யூதரின் பழஞ்சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவிலும் இதனை ஒத்த ஒரு பகுதி உண்டு. இருபால் உறுப்புகளும் உடையோரை 'அந்த்ரோகினோஸ்' என்றும், பால் தெளிவாகப் புலப்படாதோரை 'தும்தும்' என்றும் அந்நூல் பெயரிடுகின்றது. அந்த்ரோகினோஸ் சிலவற்றில் ஆணை ஒப்பர், சிலவற்றில் பெண்ணை ஒப்பர், சிலவற்றில் இருவரையும் ஒப்பர், சிலவற்றில் இருவரையும் ஒவ்வார் எனப் பகுத்துரைக்கின்றது. இவர் தமக்கெனத் தனித்த ஒரு படைப்பு என்று ரபி யோசே என்பார் கூறிய கருத்தும் பதிவு செய்யப்பட்டுள்ளது. தமிழர் இலக்கணத்தின் வழியாகவும் யூதர் சட்டத்தின் வழியாகவும் ஒரே மெய்ம்மையைக் கண்டிருக்கின்றனர். எனினும் பெயரிட்டு இடம் வகுப்பது ஒன்று. இல்லறத்தில் இடம் தருவது வேறொன்று.

கோயில் தந்த இடம்

இவ்வேறுபாட்டைக் காண நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருச்சி மலைக்கோட்டையில் எழுந்தருளியுள்ள இறைவன், காவிரி வெள்ளத்தால் தாய் வர இயலாத நிலையில், கருவுற்ற இரத்தினாவதிக்குத் தானே தாயாகி வந்து மகப்பேறு பார்த்தமையால் தாயுமானவர் எனப் பெயர் பெற்றான் என்பது தலபுராணம். திருவரங்கத்தில் பகற்பத்தின் நிறைவு நாளன்று அரங்கன் மோகினிக் கோலம் பூண்டு காட்சி தருகின்றான். திருவானைக்காவில் உச்சிக்காலத்தில் அருச்சகர் புடவை உடுத்து, முடி தரித்து, அகிலாண்டேசுவரியாகவே சென்று சம்புகேசுவரரை வழிபடுகின்றார். பங்குனிப் பஞ்சப்பிராகார விழாவில் இறைவன் பெண் கோலத்திலும் இறைவி ஆண் கோலத்திலும் உலா வருகின்றனர். இறைவி மாணாக்கியாகவும் இறைவன் ஆசானாகவும் நிற்கும் தலம் ஆதலின் இங்குத் திருக்கல்யாண விழா நிகழ்வதில்லை. கணவன் மனைவி என்னும் உறவையே ஓரிடத்தில் தளர்த்தி வைக்கும் துணிவு நம் வழிபாட்டு மரபிற்கு இருந்திருக்கின்றது.

இவற்றைக் கொண்டு நம் முன்னோர் திருமணச் சமத்துவத்தை ஏற்றனர் என வாதிடுதல் ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. இறைவனின் கோலமாற்றம் அருள் விளையாட்டாகவே கொள்ளப்பட்டது. மனிதரின் மாற்றம் வேறுவகையில் நடத்தப்பட்டது. உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவின்போது திருநங்கையர் கூத்தாண்டவராகிய அரவானுக்கு வாழ்க்கைப்பட்டுத் தாலி அணிகின்றனர். மறுநாள் அத்தாலியை அறுத்து வெள்ளை உடுத்துகின்றனர். ஓரிரவு மணமும் அதனைத் தொடரும் கைம்மையும் சமயம் அவர்களுக்கு அளித்த பங்கு. ஓரிரவைக் கடந்து, குடும்ப அட்டையில் பெயரும், மருத்துவமனையில் கையொப்பமிடும் உரிமையும், இறந்தபின் வாரிசுரிமையும் தரும் மணத்தைச் சடங்கு மட்டும் தர இயலாது. அதனைத் தரவல்லது சட்டம்.

யூதர் நடத்திய வழக்கு

யூத மறையின் லேவியராகமம் 18ஆம் அதிகாரம் ஆண் ஆணோடு கூடுதலை வெளிப்படையாக விலக்குகின்றது. ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் மணப்பது எகிப்தியர் வழக்கம் என்று சிப்ரா என்னும் பழைய உரைநூல் பழித்துரைக்கின்றது. ஆதலின் யூதருள் சமத்துவம் வேண்டினோர்க்கு வழி எளிதாக அமையவில்லை. மறை இறைவாக்கு ஆதலால் அதனை நீக்க இயலாது. விலக்கப்பட்டோரும் தம் குலத்து மக்களே ஆதலால் அவர்களைத் தள்ளவும் மனம் ஒப்பாது. இவ்விரண்டின் இடையே அகப்பட்டுத் தவித்த வரலாறே அவர்களது வரலாறு.

சமயத்திற்கு வெளியே நின்று முதற்குரல் எழுப்பியோருள் ஒருவர் மாக்னஸ் ஹிர்ஷ்பெல்டு. செருமானிய யூத மருத்துவராகிய இவர் 1897இல் பெர்லினில் அறிவியல் மனிதநேயக் குழுவை நிறுவி, ஆண்களின் தன்பால் உறவைத் தண்டித்த செருமானியச் சட்டத்தின் 175ஆம் பிரிவை நீக்கப் போராடினார். 1919இல் பாலியல் ஆய்வு நிறுவனம் ஒன்றை அமைத்தார். 1931இல் இந்தியாவிற்கும் வந்தார். 1933 மே மாதத்தில் நாத்சியர் அந்நிறுவனத்தைச் சூறையாடி அதன் நூல்களைத் தெருவில் எரித்தனர். தாயகம் திரும்ப இயலாத அவர் 1935இல் பிரான்சில் மறைந்தார். யூதர் என்பதும் தன்பால் ஈர்ப்பினர் என்பதும் அவர் மீது சுமத்தப்பட்ட இரட்டைப் பழிகள். ஒதுக்கப்படுதலின் வலியை அறிந்த ஓரினத்தார் மற்றோர் ஒதுக்கத்தைக் கண்டு வாளாவிருத்தல் தகுமோ என்னும் வினா பின்னர் யூதரிடையே எழுவதற்கு இத்தகைய நினைவுகளும் காரணமாயின.

அமெரிக்க யூதருள் சீர்திருத்தப் பிரிவினர் முதலில் வழிவிட்டனர். அப்பிரிவின் மகளிர் கூட்டமைப்பு 1965லேயே தன்பால் உறவைக் குற்றமாகக் கருதும் சட்டங்களை நீக்குமாறு தீர்மானம் இயற்றியது. 1972இல் லாஸ் ஏஞ்சல்சில் தன்பால் ஈர்ப்பினர் தமக்கென ஒரு தொழுகைக் கூடம் கண்டனர். 1990இல் அப்பிரிவின் ரபிமார் மன்றம் தன்பால் ஈர்ப்பினரும் ரபி ஆகலாம் என்னும் அறிக்கையை ஏற்றது. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் தன்பாலர் இணைவை யூதச் சடங்கால் வாழ்த்தலாம் என்று தீர்மானித்தது. அவ்வாறு நடத்தி வைக்க மனம் ஒப்பாத ரபிமாரின் முடிவையும் அத்தீர்மானம் மதித்தது.

தமிழாய்வாளர்க்குப் பெரிதும் பயன்படுவது நடுநிலை மரபினராகிய கன்சர்வேட்டிவ் பிரிவினரின் வரலாறு. அவர்கள் மறைச்சட்டத்திற்குக் கட்டுப்பட்டோர். ஆனால் அச்சட்டம் காலந்தோறும் உரையால் வளர்வது என்னும் கொள்கையினர். 1992இல் அவர்தம் சட்டக்குழு தன்பால் இணைவுச் சடங்கு கூடாது என்றது. 2006 திசம்பரில் அவ்வினா மீண்டும் அக்குழுவின் முன் வந்தது. ரபி ஜோயல் ராத் விலக்கு நிற்க வேண்டும் என்று தீர்ப்புரை எழுதினார். ரபிமார் எலியட் டார்ப், டேனியல் நெவின்ஸ், அவ்ரம் ரைஸ்னர் ஆகிய மூவரும் விலக்கைத் தளர்த்தித் தீர்ப்புரை எழுதினர். 25 பேர் கொண்ட குழுவில் இரு தீர்ப்புரைகளும் தலைக்குப் பதின்மூன்று வாக்குப் பெற்றன. ஒருவரேனும் இரண்டுக்கும் வாக்களித்தாலன்றி இது நிகழாது. முரண்பட்ட இரண்டும் முறையான உரைகளே என அவர்கள் ஏற்றுக்கொண்டனர்.

மூவர் எழுதிய தீர்ப்புரையின் அடிப்படை யாது? மனித மாண்பு பெரிது. அதன்பொருட்டு விலக்கு விதியும் விலகி நிற்கும் என்னும் தல்மூத்துக் கோட்பாடு. அவர்கள் மறையின் வாசகத்தில் கை வைக்கவில்லை. மறை நேரே விலக்கிய ஒரு செயலை அவ்வாறே நிறுத்தினர். அதனைச் சூழப் பிற்காலத்து அறிஞர் எழுப்பிய வேலிகள் ஒரு மனிதரை வாழ்நாள் முழுவதும் துணையற்றவராக்கி அவமதிக்கின்றன ஆதலின் அவ்வேலிகளை அகற்றலாம் என்றனர்.

இங்கு மற்றொரு சிக்கல் எழுந்தது. யூதரின் பழைய மணமுறையாகிய கித்துஷின், மணமகன் மணமகளைத் தனக்குரியவளாகக் கொள்ளும் அமைப்புடையது. இருவரும் ஆணாகவோ பெண்ணாகவோ இருப்பின் கொள்பவர் யார், கொள்ளப்படுபவர் யார்? ரேச்சல் ஆட்லர் என்னும் அறிஞர் 1998இல் வெளியிட்ட நூலில் ஆண் பெண் மணத்திற்கே இவ்வமைப்பு பொருந்தாது எனக் காட்டி, வணிகக் கூட்டாளிகளுக்குரிய பழஞ்சட்டத்தை அடிப்படையாகக் கொண்ட காதலர் உடன்படிக்கை ஒன்றை முன்வைத்தார். 2012இல் கன்சர்வேட்டிவ் பிரிவினர் தன்பாலர் மணத்திற்குச் சடங்கு வகுத்தபோது கித்துஷின் என்னும் பெயரை இடாமல் உடன்படிக்கை நெறியையே பின்பற்றினர். விளிம்பில் நின்றோர் எழுப்பிய வினா நடுவில் நின்றோரின் மணத்தையும் ஆராயச் செய்தது.

வைதிகப் பிரிவினர் இம்மணத்தை ஏற்கவில்லை. ஆயினும் 2010இல் அப்பிரிவைச் சார்ந்த ரபிமாரும் ஆசிரியருமாக நூற்றுக்கு மேற்பட்டோர் தன்பால் ஈர்ப்பினரை இழிவு செய்தலாகாது என அறிக்கை ஒன்றில் ஒப்பமிட்டனர். இசுரேலில் திருமணம் சமய நீதிமன்றங்களின் ஆட்சிக்கு உட்பட்டது; அந்நாட்டிற்குள் தன்பாலர் மணம் நிகழ்த்த இயலாது. வெளிநாட்டில் நிகழ்ந்த அத்தகைய மணங்களை மக்கள் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று மட்டும் அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2006இல் ஆணையிட்டது.

உரை சடங்கைத் தரலாம். சட்டப்பயனைத் தராது என்பதற்கு எடித் வின்சரின் வழக்கு சான்று. யூதப் பெண்மணியாகிய இவர் நாற்பதாண்டுக்கு மேல் தம்மோடு வாழ்ந்த தியா ஸ்பையரை 2007இல் கனடாவில் மணந்தார். 2009இல் ஸ்பையர் மறைந்தபோது அமெரிக்க நடுவணரசு அம்மணத்தை ஏற்கவில்லை. வின்சர் 3,63,053 டாலர் மரபுரிமை வரி செலுத்த நேர்ந்தது. கணவனை இழந்த மனைவியாயின் ஒரு காசும் செலுத்தியிருக்க வேண்டா. 2013இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2015 சூன் 26ஆம் நாள் தன்பாலர் மணம் அமெரிக்கா முழுவதும் சட்டமாயிற்று.

தமிழகம் கண்ட வழி

கொள்பவர், கொடுப்பவர் என்னும் அமைப்பை நீக்கி மணத்தை உடன்படிக்கையாக்கும் முயற்சியில் தமிழகம் முன்னோடி. 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் ஈ.வெ.ரா. தலைமையில் நிகழ்ந்ததை முதற் சுயமரியாதைத் திருமணம் எனக் குறிப்பர். புரோகிதர் இல்லை; கன்னிகாதானம் இல்லை; ஒத்த இருவரின் வாழ்க்கை ஒப்பந்தமே மணம் என்பது அதன் கொள்கை. மக்கள் ஏற்றனர், சட்டம் ஏற்கவில்லை. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் இத்தகைய மணம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. ஊரறிய மணந்து வாழ்ந்தோர் பலர் சட்டத்தின் கண்ணில் மணமாகாதவர் ஆயினர். அவர்தம் மக்களின் வாரிசுரிமை ஐயத்திற்கு இடமாயிற்று.

உரையால் தீராத இச்சிக்கலைத் தமிழகம் புதிய நூற்பா இயற்றித் தீர்த்தது. அறிஞர் அண்ணா தலைமையிலான அரசு 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவைச் சேர்த்தது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று 1968 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உற்றார் அல்லது நண்பர் முன்னிலையில் தமக்குப் புரியும் மொழியில் உறுதி கூறுதல், அல்லது மாலையோ மோதிரமோ மாற்றுதல், அல்லது தாலி கட்டுதல் ஆகிய ஏதேனும் ஒன்றால் மணம் நிறைவுறும். முன்னர் நிகழ்ந்த சுயமரியாதைத் திருமணங்களும் அச்சட்டத்தால் செல்லுபடியாயின. 'அல்லது' என்னும் சிறுசொல் எத்துணை இல்லங்களைக் காத்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

திருநர் உரிமைக்கும் தமிழகம் முன்னின்றது. 2008இல் திருநங்கையர் நலவாரியம் அமைந்தது. நம் திருச்சியின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய திருச்சி சிவா அவர்கள் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24ஆம் நாள் மாநிலங்களவையில் ஒருமனதாக நிறைவேறியது. தனிநபர் மசோதா ஒன்று அவ்வாறு நிறைவேறுவது மிக அரிது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. 2019இல் நடுவணரசு வேறொரு சட்டத்தை இயற்றியது.

மணத்தைப் பொறுத்தவரை திருப்புமுனையாக அமைந்தது 2019 ஏப்ரல் 22ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வழங்கிய தீர்ப்பு. தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் 2018 அக்டோபரில் ஆண் ஒருவர் திருநங்கை ஒருவரை மணந்தார். அம்மணத்தைப் பதிவு செய்ய அலுவலர் மறுத்தார். இந்துத் திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்னும் சொல் பிறப்பால் பெண்ணானவரை மட்டும் குறிக்கும் என்பது மறுப்பின் காரணம். அச்சொல்லுக்கு என்றும் மாறாத ஒரே பொருள் கொள்ளுதல் கூடாது. தம்மைப் பெண் என உணரும் திருநங்கையையும் அது குறிக்கும் என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை; உரை மாறியது. நச்சினார்க்கினியர் ஒரு சொல்லில் பொருள் காணும் முறைக்கும் டார்ப் முதலியோர் மறையில் மாண்பு கண்ட முறைக்கும் இதற்கும் உறவு உண்டு. நன்னூலின் நூற்பா பதிவலுவலகத்தின் ஏட்டில் உயிர்பெற்றது எனலாம்.

2021 சூன் 7ஆம் நாள் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பெற்றோரிடமிருந்து காப்பு வேண்டிய இரு பெண்களின் வழக்கில், தன்பால் ஈர்ப்பை 'மருத்துவத்தால் மாற்றும்' முயற்சிகளுக்குத் தடை விதித்தார். தீர்ப்பெழுதுமுன் உளவியலார் ஒருவரிடம் தாமே பாடம் கேட்டறிந்தார் என்பது பதிவான செய்தி. இம்மக்களைக் குறிக்க இழிவற்ற தமிழ்ச் சொற்கள் வேண்டும் என்னும் வலியுறுத்தலும் இவ்வழக்கின் தொடர்ச்சியாக எழுந்தது. 2022 ஆகஸ்டில் தமிழக அரசு அத்தகைய சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. சொல்லின் மதிப்பு மாந்தரின் மதிப்பாதலைத் தமிழாசிரியர் அனைவரும் நினைவில் கொள்ளல் தகும்.

உரை நின்ற இடம்

உரைக்கும் ஓர் எல்லை உண்டு. 1860இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு 2018 செப்டம்பர் 6ஆம் நாள் வயதுவந்தோரின் இசைவான உறவைப் பொறுத்தவரை வலுவிழந்தது. குற்றம் நீங்கியது, மணம் வரவில்லை. 2023 அக்டோபர் 17ஆம் நாள் ஐவர் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு, மணம் புரிதல் அடிப்படை உரிமையன்று என்றும், தன்பாலர் மணத்திற்குச் சட்டம் வகுத்தல் சட்டமன்றங்களின் பணி என்றும் கூறிற்று. ஆண் பெண் இணையாக அமையும் திருநர் மணம் நடைமுறைச் சட்டத்தின்படியே செல்லும் என்பதை அவ்வமர்வு ஏற்றது. மதுரைத் தீர்ப்பின் உரை நிலைபெற்றது. ஆனால் அவ்வுரை 'மணமகன்', 'மணமகள்' என்னும் இரு சொற்களுக்கு அப்பால் செல்ல இயலவில்லை. மறுஆய்வு மனுக்களும் 2025 சனவரியில் தள்ளுபடியாயின.

2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் ஆகியோர் முன் ஒரு வழக்கு வந்தது. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவரை அவர் விருப்பத்திற்கு மாறாகக் குடும்பத்தார் அடைத்து வைத்திருப்பதாக அவர்தம் தோழி முறையிட்டிருந்தார். அப்பெண்ணுக்குத் தம் வழியில் செல்ல உரிமை உண்டு என்றும், குடும்பம் அமைவதற்கு மணம் ஒன்றே வழியன்று, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றும் நீதிபதிகள் கூறினர். கொடுப்போர் இன்றியும் கரணம் உண்டு என்ற பழைய ஆசிரியரின் உடன்பாடு இங்கு நினைவிற்கு வருகின்றது. எனினும் இத்தீர்ப்பால் அவ்விருவரும் ஒருவர்க்கொருவர் வாரிசு ஆகிவிடவில்லை. வின்சர் எதிர்கொண்ட நிலை இவர்களுக்கும் நாளை நேரலாம்.

உரையால் இயன்றதைத் தமிழகத்தின் நீதிபதிகள் செய்துவிட்டனர். இனித் தேவைப்படுவது நூற்பா. திருமணம் அரசமைப்பின் பொதுப்பட்டியலில் உள்ள பொருள். மாநிலச் சட்டமன்றம் திருத்தம் இயற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறலாம் என்பதற்கு 7அ பிரிவே சான்று. அப்பிரிவில் இருவரும் கூற வேண்டிய உறுதிமொழி 'கணவன்', 'மனைவி' என்னும் சொற்களில் அமைந்துள்ளது. 'வாழ்க்கைத் துணை' என்னும் சொல் தமிழர்க்குப் புதிதன்று. வள்ளுவர் இல்லறத்தின் துணைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். சுயமரியாதை இயக்கம் அக்கருத்தை மேடைதோறும் முழங்கியது. அச்சொல்லோடு 'அல்லது' என்னும் மற்றொரு சிறுசொல்லும் சட்டத்தில் ஏறுமாயின் பல இல்லங்கள் நிலைபெறும்.

நடத்தி வைக்க மனம் ஒப்பாதோரின் முடிவை மதித்துக்கொண்டே பிறர்க்கு வழிவிட்ட யூத மன்றங்களின் பண்பு நமக்கும் பொருந்தும். ஒரு கோயிலோ ஒரு குடும்பமோ இம்மணத்தை வாழ்த்த வேண்டும் என எவரும் கட்டாயப்படுத்த வேண்டுவதில்லை. பதிவேட்டில் இருவரின் பெயரை எழுத மறுக்கும் உரிமை அரசுக்கு உண்டா என்பதே வினா. நாற்பதாண்டு உடனிருந்து உணவிட்டு, நோயில் காத்து, இறுதியில் கொள்ளியிடும் உரிமையும் இல்லாமல் வாசலுக்கு வெளியே நிற்கும் ஒருவரை உயர்திணையில் வைத்து எண்ணுகின்றோமா, அஃறிணையில் வைக்கின்றோமா? நன்னூல் இரண்டிற்கும் இடம் தந்துவிட்டுச் சென்றது. தேர்வு நம்முடையது.